ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ்: யாருக்குக் கட்டும், யாருக்குக் கட்டாது?

2025 ஆகஸ்ட் 15 அன்று தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஆண்டு பாஸ் வந்தது. 2025-26இல் 3,000 ரூபாய்க்கு 200 முறை அல்லது ஓராண்டு, எது முன்னால் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கிடையாது.

200 முறை என்றதும் நூறு தடவை ஊருக்குப் போய் வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. நம்மூர்ச் சாலைகளில் ஒவ்வொரு சுங்கச்சாவடியும் ஒரு முறை. சென்னையிலிருந்து மதுரைக்குப் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று தொடங்கி சிட்டம்பட்டி வரை எட்டு. போக வர 16 கழிந்துவிடும். ஆக, 12 தடவை போய் வரலாம், கொஞ்சம் மிச்சமிருக்கும். அப்படியும் லாபம்தான். சாவடிக்குச் சராசரியாக 75 ரூபாய் என்று வைத்தால் 40 முறை தாண்டியதுமே போட்ட காசு வந்துவிடும். பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என வருடத்துக்கு மூன்று தடவை மதுரை போகிறவருக்கு இதுவே போதும்.

போன அன்றே திரும்புகிறவர் கொஞ்சம் யோசிக்கணும். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் சாதாரண ஃபாஸ்டேக்கிலேயே போக வர சேர்த்து ஒருவழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான். அவருக்கு அதே காசு தேற 54 முறையாவது தாண்ட வேண்டும்.

சாவடிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர் கதை வேறு. 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் உள்ளூர் சொந்த வண்டிக்கு மாதாந்திர பாஸ் உண்டு; 2025-26இல் 350 ரூபாய். தினமும் வேலைக்குப் போய் வந்தால் ஆண்டு பாஸ் நூறே நாளில் காலி. மாதம் 900 ரூபாய் ஆகிறது. அவருக்கு உள்ளூர் பாஸ்தான் சரி. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் தாண்டுகிறவர் மாதாமாதம் 350 கட்டினால் வருடத்துக்கு 4,200. அதற்கு ஆண்டு பாஸே மேல், எல்லா தேசிய நெடுஞ்சாலையிலும் செல்லும்.

மாநில அரசுச் சாலைகளில் ஆண்டு பாஸ் செல்லாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சாவடியில் வழக்கம்போல ஃபாஸ்டேக் இருப்பிலிருந்துதான் காசு போகும். பாஸ் இருக்கிறதே என்று இருப்பைச் சுத்தமாகத் துடைத்து வைக்காதீர்கள். டேக் வேலை செய்யாவிட்டால் 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு. 100 ரூபாய்க் கட்டணம் 125 ஆகிவிடும்.

இன்னொன்று. டேக்கை ஒட்டாமல் டேஷ்போர்டில் போட்டு வைத்து, சாவடி வந்ததும் எடுத்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். அப்படிப்பட்ட டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் போட 2025 ஜூலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. ஆண்டு பாஸுக்கும் டேக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். முதலில் ஒட்டுங்கள், அப்புறம் பாஸ் வாங்க ராஜ்மார்க்யாத்ரா செயலியைத் திறக்கலாம்.