ஃபேஸ்இட்: ஏணியா, தராசா?

கேம் ஆடிப் பிழைக்க முடியுமா என்று யாராவது கேட்டால் உடனே பரிசுத்தொகையை எடுத்து நீட்டுவார்கள். 2021-இல் புக்கரெஸ்ட்டில் நடந்த டோட்டா 2 என்ற கேமின் 'தி இன்டர்நேஷனல்' போட்டிக்கு மொத்தப் பரிசு 4 கோடி டாலர். 2019 ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையில் தனிநபர் பட்டம் வென்ற புகாவுக்கு வயது 16, கிடைத்தது 30 லட்சம் டாலர். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த 4 கோடியில் பெரும்பங்கு ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கிய 'பேட்டில் பாஸ்' என்ற அலங்காரப் பொருள் தொகுப்பிலிருந்து வந்தது. 2023-இல் அந்த கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்த பாஸின் கவர்ச்சியான அலங்காரப் பொருள்களை எடுத்துவிட்டது. அதே போட்டியின் பரிசு சுமார் 32 லட்சம் டாலரில் வந்து நின்றது. பரிசுத்தொகையைப் பார்த்துத் தொழிலை முடிவு செய்வது, பக்கத்து வீட்டுக்கு விழுந்த லாட்டரியை நம்பிக் கடைக்கால் தோண்டுவது போல.

ஆடுபவர் இன்று எங்கே நிற்கிறார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (ஐவருக்கு ஐவர் சுட்டு ஆடும் கேம், இதுவும் வால்வுடையது) ஆடுபவர்களுக்கு அதைச் சொல்லும் சேவை ஃபேஸ்இட்: ஆட்களைச் சேர்த்து ஆட்டம் அமைத்து மதிப்பெண் போடும் வெளித்தளம். லண்டனில் 2012-இல் தொடங்கியது. 2022-இல் இஎஸ்எல் என்ற போட்டி நடத்தும் நிறுவனத்தோடு சேர்த்து சவூதியின் சாவி குழுமம் வாங்கிவிட்டது. கேமுக்குள்ளேயே வால்வின் பிரீமியர் என்ற தரவரிசை ஆட்ட முறை இருக்கும்போது வெளித்தளத்துக்கு ஏன் போக வேண்டும்? முன்பு 128 டிக் சர்வர் (ஆட்டத்தை விநாடிக்கு 128 முறை கணக்கிடுவது) ஒரு காரணமாக இருந்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபின் எங்கே போனாலும் 64 டிக்தான். இப்போது மிஞ்சியிருக்கும் காரணம் ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள். எதிரே ஆடுபவர் சீட்டரா என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் எடுத்த மதிப்பெண்ணை எந்த அணியும் சட்டை செய்யாது.

அந்த ஆன்டி-சீட் விண்டோஸின் கெர்னல் (அடிமட்ட மையப் பகுதி) வரை இறங்கி வேலை செய்கிறது. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் இங்கேயே திரும்பிக்கொள்ளலாம். விண்டோஸிலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினி அமைப்புத் திரை) செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பழைய கணினியில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் சிஎஸ்எம்மை (பழைய பூட் முறைக்கான பயாஸ் அமைப்பு) அணைத்தால் விண்டோஸ் பூட் ஆகாது, கறுப்புத் திரைதான். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் பார்ட்டிஷன் ஸ்டைல் என்னவென்று பாருங்கள். ஜிபிடி என்றிருந்தால் கவலை இல்லை. எம்பிஆர் என்றிருந்தால் முக்கியக் கோப்புகளை பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்ற வேண்டும். பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் ரிகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸைத் தொட்டதும் அதைக் கேட்கலாம். பிறகு சிஎஸ்எம்மை அணைப்பது, டிபிஎம்மை ஆன் செய்வது (இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும்), கடைசியில் செக்யூர் பூட். வரிசை மாறினால் அரை நாள் போய்விடும்.

இனி எலோ, அதாவது ஃபேஸ்இட் போடும் மதிப்பெண். 1 முதல் 10 வரை லெவல்கள். 2001 எலோவைத் தொட்டால் லெவல் 10. இரண்டு அணியும் சமபலம் என்றால் வென்றால் சுமார் 25 ஏறும், தோற்றால் 25 இறங்கும். 30 கில் எடுத்துவிட்டு (எதிரிகளை 30 முறை வீழ்த்திவிட்டு) தோற்றாலும் இறக்கம்தான். இந்த முறை பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனால் கணக்கு நேர்மையானது. 1200 எலோவில் இருப்பவர் லெவல் 10-க்குப் போக 800 எலோ வேண்டும். அதாவது தோல்விகளைக் கழித்தபின் 32 வெற்றிகள். வெற்றி விகிதம் 55 சதவீதம் என்றால் 100 ஆட்டத்துக்கு 10 வெற்றி மிஞ்சும்; 320 ஆட்டத்தில் போய்விடலாம். 52 சதவீதம் என்றால் 800 ஆட்டம். காத்திருப்பையும் சேர்த்து ஆட்டத்துக்கு 50 நிமிடம் என்று வைத்தால் 660 மணி நேரத்துக்கு மேல். இதிலும் ஒரு சிக்கல்: ஏற ஏற எதிரிகளும் வலுத்துக்கொண்டே போவார்கள். 55 சதவீதம் எந்த எலோவில் 50-ஆகிறதோ, அதுதான் அவருடைய இன்றைய எடை. அங்கே நின்றுகொண்டு ஒரு நாளைக்கு எட்டு ஆட்டம் ஆடுவதால் முள் அசையாது.

லெவல் 10 வந்ததும் 'ப்ரோ' ஆகிவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம். லெவல் 10-க்கு மேல்வரம்பே கிடையாது. 2001 எலோக்காரருக்கும் 10, தொழில்முறை வீரர்கள் நிற்கும் 3000-க்கு மேலும் அதே 10. பெரிய தேர்வில் பாஸ் ஆனவரும் முதலிடம் வாங்கியவரும் ஒரே சான்றிதழை வைத்துக்கொண்டு நிற்பது போலத்தான்.

தராசாக ஃபேஸ்இட் நன்றாகவே வேலை செய்கிறது. தராசு நிறுக்காத ஒன்றும் உண்டு. மிராஜ் மேப்பில் ஒரு ரவுண்டைப் பார்ப்போம். ஏ சைட்டில் பாம் வைத்தாயிற்று, வெடிக்க 40 விநாடி. வைத்த அணியில் மிஞ்சியவர் இருவர், எதிரணியிலும் இருவர். எதிரிகள் கிட் வைத்திருந்தால் டிஃப்யூஸ் செய்ய (பாமைச் செயலிழக்க வைக்க) 5 விநாடி, இல்லாவிட்டால் 10. முன்பின் தெரியாத ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் என்ன நடக்கும்? பேலஸில் நிற்பவர் காலடிச் சத்தம் கேட்டதும் தனியே எட்டிப் பார்த்து விழுவார். ராம்பில் இருப்பவர் வந்து சேர இரண்டு விநாடி தாமதம், ட்ரேட் (சுட்டவரை உடனே பதிலுக்கு வீழ்த்துவது) போச்சு. அடுத்து ஒன்றுக்கு இரண்டு. பழகிய அணி இதே நிலையில் எட்டியே பார்க்காது. கடிகாரம் அவர்கள் பக்கம், வந்தாக வேண்டியது எதிரி. டிஃப்யூஸ் தொடங்கும் 'டிக்' சத்தம் கேட்டபின்தான் இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கோணத்தில் வெளியே வருவார்கள். எட்டிப் பார்த்து விழுந்தவர் ஆட்ட முடிவில் 24 கில்லோடு பட்டியலின் உச்சியில் இருக்கலாம். ஆனால் அவரை எடுக்க வரும் கோச் அந்த ரவுண்டைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்.

ஏணியாக ஃபேஸ்இட் வைத்திருப்பது எஃப்பிஎல். தொழில்முறை வீரர்களும், தகுதிப் போட்டி வழியாக நுழைந்தவர்களும் கலந்து ஆடும் மூடிய லீக். எஸ்டோனிய வீரர் ராப்ஸ் இந்த வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தார். அவருடைய ஆட்டத்தைப் பார்த்து சீட் செய்கிறார் என்றே பலர் சாதித்தார்கள். ஃபேஸ்இட்டின் லண்டன் அலுவலகத்துக்கே போய் ஆடிக் காட்டினார். 2017-இல் மவுஸ்ஸ்போர்ட்ஸ் அணி எடுத்துக்கொண்டது. முதல் மேஜர் (கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் மிகப் பெரிய போட்டி) பட்டம் வைட்டாலிட்டி அணியோடு 2025-இல் ஆஸ்டினில்தான் வந்தது. நடுவே எட்டு வருடம். உலகின் முதல் வரிசை வீரருக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்பதை ஏணி ஏறுபவர்கள் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வழி இதைவிட மெதுவானது, ஆனால் அதிகம் பேருக்குத் திறந்திருப்பது: இதே தளத்துக்குள் நடக்கும் இஎஸ்இஏ லீக். ஐந்து பேர் கொண்ட நிலையான அணி, ஓப்பன் பிரிவில் தொடங்கி இன்டர்மீடியட், மெயின், அட்வான்ஸ்டு என்று சீசனுக்கு ஒரு படி. எலோ 2800 வைத்துக்கொண்டு அணி இல்லாமல் அலைபவரைவிட, எலோ 2400 வைத்துக்கொண்டு அதே நால்வரோடு இரண்டு சீசன் மெயினில் ஆடியவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் கணிப்பு. 2025 முதல் பெரிய போட்டிகளுக்கான அழைப்பு வால்வின் தரவரிசைப்படிதான். அந்தப் புள்ளிகள் அணியின் பெயருக்குச் சேராது, சேர்ந்து ஆடும் மூன்று பேராவது கொண்ட மையக் குழுவுக்குச் சேரும். மாதம் ஒருமுறை ஆளை மாற்றும் அணிகள் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். டோங்க், மோனெசி போன்ற நட்சத்திர வீரர்கள் பெரிய அணிகளின் இளையோர் அகாடமிகள் வழியாக வந்தவர்கள். அந்த வாசல் திறந்தால் மற்றதெல்லாம் தேவையே இல்லை, ஆனால் அங்கே இடம் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அழைப்பு வந்தபின் ஒப்பந்தத்தில் சம்பள எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது பையவுட் தொகையில். அணி அவரை பெஞ்சில் உட்கார வைத்தாலும் ஒப்பந்தம் ஓடும். வேறு அணி எடுக்க வேண்டுமென்றால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். தொகை பெரிதாக இருந்தால் யாரும் கட்டமாட்டார்கள். ஆறு மாதம் ஆட்டமில்லாமல் போகும். பெஞ்சில் சம்பளம் குறையுமா, பரிசுப் பணத்தில் அணிக்கு எவ்வளவு, கேமுக்குள் விற்கும் ஸ்டிக்கர் வருமானத்தில் பங்கு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குக் கிடைக்கும் மரியாதை விஷயத்தில் ஃபேஸ்இட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அது நாட்டுக்கு நாடு வேறு. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமில் தங்கம் வென்ற தென்கொரிய அணிக்கு, நட்சத்திர வீரர் ஃபேக்கர் உள்பட, கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. அதைவிடப் பெரிய அங்கீகாரத்தை ஒரு அரசு தந்துவிட முடியாது. இன்னொரு பக்கம், ஒலிம்பிக் இ-ஸ்போர்ட்ஸ் போட்டி நடத்த சவூதியோடு வைத்திருந்த கூட்டை ஒலிம்பிக் குழு 2025-இல் முடித்துக்கொண்டது. வீட்டில் இருப்பவர்களை மடக்க ஒலிம்பிக்கைக் காட்டலாம் என்றிருந்தவர்கள் வேறு வாதம் தேட வேண்டியதுதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கணக்கில் இறங்கி ஆடும் ஸ்மர்ஃப்கள் இன்னும் உண்டு. மைக்கே இல்லாதவர், முதல் ரவுண்டிலேயே திட்டத் தொடங்குபவர் என்று அணிக்கு ஒருவராவது வந்து வாய்ப்பார். சர்வரிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கு பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) 100 மில்லிவிநாடியைத் தாண்டினால், பதுங்கி நிற்பவர் எதிராளியைப் பார்க்கும் முன்பே விழுவார். அந்த நிலையில் எலோ அவருடைய திறமையைக் காட்டாது, இணைய கேபிளின் நீளத்தைத்தான் காட்டும்.

பணம் கட்டும் சந்தா முதல் சில மாதங்களுக்குத் தேவையில்லை. கூடுதல் புள்ளிவிவரம் அழகாக இருக்கும், ஆனால் அதைவிட டெமோ (ஆடிய ஆட்டத்தின் பதிவு) உதவும், அது இலவசம். ஃபேஸ்இட்டில் அந்த ஆட்டத்துக்கான பக்கமான மேட்ச் ரூமிலிருந்து டெமோ கோப்பை இறக்கி, சுருக்கத்தை விரித்து, கேம் கோப்புறைக்குள் இருக்கும் சிஎஸ்கோ கோப்புறையில் போட்டு, கன்சோலில் பிளேடெமோ என்று எழுதிக் கோப்பின் பெயரைத் தர வேண்டும். பெயர் நீளமாக இருந்தால் முதலிலேயே சின்னதாக, இடைவெளி இல்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள். தோற்ற ஆட்டங்களில் முதலில் விழுந்த ரவுண்டுகளை மட்டும் பாருங்கள்: விழும்போது பக்கத்தில் யார், எத்தனை விநாடி தள்ளி. மேட்ச் ரூமில் கோப்பு வெகுநாள் இருக்காது, கேம் அப்டேட் ஆனால் பழைய டெமோ பல நேரம் திறப்பதும் இல்லை. எனவே ஆடிய வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.