டிரை ஐஸ்: ஆறு வருடப் பழக்கமும் நான்கு நாள் கோபமும்

போன மாதம் வீட்டு ஃப்ரீசரில் கம்ப்ரசர் போய்விட்டது. புதியது வந்து மாட்ட நான்கு நாள் ஆகும் என்றார்கள். அந்த நான்கு நாளையும் டிரை ஐஸை, அதாவது உறையவைத்துக் கட்டியாக்கிய கார்பன் டை ஆக்சைடை, வைத்தே ஓட்டினேன். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர், "அவசரத்துக்கு நானும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஆய்வக வேலையில் ஆறு வருடமாக இதோடு பழகுகிறேன். உறைந்த மாதிரிகளை வெளியூருக்கு அனுப்ப இதைவிட நல்லது எனக்குக் கிடைத்ததில்லை. குளிர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அதன் ஈரமின்மை. சாதாரண ஐஸ் போட்டு அனுப்பிய நாட்களில், பெட்டியைத் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், லேபிள் ஊறி உரிந்திருக்கும், எந்தக் குழாய் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரியில் உருகாமல் நேராக வாயுவாகப் போய்விடுகிறது. பேனாவால் எழுதிய எண்கூடக் கலையாமல் போய்ச் சேர்கிறது. எடைக்கு எடை பார்த்தாலும், சாதாரண ஐஸ் உருகும்போது இழுப்பதைப்போல ஏறத்தாழ 1.7 மடங்கு வெப்பத்தை இது இழுத்துக்கொள்ளும்.

ஆனால் அந்த எடைதான் நிற்பதில்லை. விமானத்தில் அனுப்பும் பெட்டியின்மேல் டிரை ஐஸுக்கான அபாயப் பொருள் குறியீடான யு.என். 1845 என்ற எண்ணோடு, உள்ளே எத்தனை கிலோ டிரை ஐஸ் என்றும் எழுத வேண்டும். நான் எழுதி முடித்த நிமிடத்திலிருந்தே அது குறைய ஆரம்பிக்கும். ஆய்வகத்தில் இது பழகிவிட்டது, வீட்டில் முடியவில்லை. 10 கிலோவுக்குப் பணம் கொடுத்தேன், வீட்டுத் தராசில் எட்டரைதான் காட்டியது. காலையில் நிறுத்து வைத்ததை மாலையில் கொடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு அது சிறு உருளைகளாக இருந்தது. மறுநாள் காலையில் பாதிக்குமேல் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து பெரிய கட்டியாகக் கேட்டு வாங்கினேன், அது தாக்குப்பிடித்தது. குளிர்காற்று கீழே இறங்கும் என்பதால் மேல்தட்டில், அடியில் தடித்த அட்டை போட்டு வைத்தேன். காலி இடத்தைச் செய்தித்தாளால் அடைத்தேன். கதவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டேன்.

இன்னொன்றுக்கும் கோபம் வந்தது. கடையில் பெட்டியின் மூடியைச் சுற்றி இறுக்கமாக டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு கிலோ டிரை ஐஸ் ஆவியானால் 500 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். போக வழி இல்லையென்றால் பெட்டி வெடிக்கும். அங்கேயே டேப்பைக் கிழித்தேன், காரின் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். குழந்தை தவழும் அறையில், மூடிய கழிவறையில் எல்லாம் இதை வைக்கவே வைக்காதீர்கள். வெறும் கையால் தொட்டால் தோல் உறைந்து கொப்புளம் வரும். தடித்த கையுறை வேண்டும். வெந்நீரில் போட்டுப் புகை காட்டுவதற்கென்றே வாங்குகிறவர்களும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெண்புகை நீராவி குளிர்ந்து வருவது. மூச்சை அடைக்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது.

சரி, பலன்? ஒரு பொட்டலம்கூடக் கெடவில்லை. ஐஸ்கிரீம் மட்டும் கல்லாகிவிட்டது, கொஞ்ச நேரம் வெளியே வைத்துத்தான் எடுக்க முடிந்தது. நான்கு நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் துடைக்கவில்லை. குறை சொல்ல இடமில்லாத வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் வீட்டுக்கு நான் இதை இனி வாங்குவதாக இல்லை. தினமும் ஓடிப்போய் வாங்கி, அது கரைவதைத் தராசில் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. ஆய்வகத்தில் நாளைக்கே மூன்று பெட்டி கட்ட வேண்டும், அங்கே வேறு எதையும் தொட மாட்டேன். நண்பருக்கு: இது வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. விற்கும் இடத்தின் போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.