கேப் டவுனா, ரியோவா, வான்கூவரா: மலையும் கடலும் ஒரே ஊரில் வேண்டுமென்றால்

காலையில் மலை ஏற வேண்டும், மதியம் கடலில் கால் நனைக்க வேண்டும், ராத்திரி நல்ல உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எல்லாம் ஒரே ஊரில். இப்படிக் கேட்பவர்களுக்கு உலகத்தில் அதிகம் ஊர்கள் கிடையாது. பெரிய நகரமாகவும் இருக்க வேண்டும் என்றால் பட்டியல் இன்னும் சுருங்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ, கனடாவின் வான்கூவர் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் முதலில் வரும்.

எது அழகு என்று ஆரம்பித்தால் விவாதம் முடியாது. படத்தில் மூன்றும் அழகுதான். அந்த மலைக்கு மேலே போகவிடாமல் உங்களைத் தடுப்பது எது என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் சட்டென்று பிடிபடும். கேப் டவுனில் தடுப்பது காற்று. ரியோவில் கூட்டமும் மேகமும், கூடவே கொஞ்சம் பயமும். வான்கூவரில் மழை.

கேப் டவுனிலிருந்து தொடங்கலாம். மேசை மலையின் உச்சி 1,086 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் பெரிய உயரமில்லை. ஆனால் கடல் மட்டத்தில் இருக்கும் ஊரின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக எழுந்து நிற்பதால் தலையை நிமிர்த்தினாலே மலைதான். 1929-லிருந்து கேபிள் கார் ஓடுகிறது. 1997-ல் மாற்றிய பெட்டிகளில் தரை மெதுவாகச் சுழலும். ஜன்னல் பக்கத்துக்கு யாரும் முண்டியடிக்க வேண்டாம். நின்ற இடத்தில் நின்றால் பாறை, ஊர், துறைமுகம், கடல் என்று எல்லாம் வரிசையாக முன்னால் வந்து போகும். மேலே போனால் பாறை விளிம்பில் டாஸ்ஸிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கொழுத்த முயல் மாதிரி இருக்கும் இந்தப் பிராணிக்கு நெருங்கிய உறவு யானை என்றால் நம்புவது கஷ்டம்தான்.

சிக்கல் கோடையில் (அங்கே கோடை என்றால் டிசம்பர், ஜனவரி வாக்கில்) அடிக்கும் தென்கிழக்குக் காற்று. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் பின்பக்கத்தில் மோதி மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகித் தட்டையான உச்சி முழுக்கப் பரவும். ஊர்ப் பக்கம் வழிந்து இறங்கும்போது மறுபடி சூடாகிப் பாதி வழியிலேயே கரைந்துவிடும். மேசைவிரிப்பு என்று உள்ளூரில் சொல்லும் இந்த மேகத்தைக் கீழே நின்று மணிக்கணக்கில் பார்க்கலாம். மேலே போகத்தான் முடியாது. காற்று பலமானால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள்; வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் இது நடக்கும். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில நாட்கள் மொத்தமாக மூடுவதும் உண்டு. ஆகவே போய் இறங்கிய மறுநாள் காலை கேபிள் கார் ஓடுகிறது என்றால் மற்ற திட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஏறிவிடுங்கள். மலையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டவர்கள் பலர் கீழிருந்தே பார்த்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறார்கள்.

நடந்தே ஏறுவதென்றால் பிளாட்டெகிளிப் கோர்ஜ் நேர்வழி. கல்படிகள், நிழல் குறைவு, இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மலைப்பாதைகளில் வழிப்பறி நடந்ததுண்டு. தனியாகப் போகாமல் நாலு பேராகப் போவது நல்லது.

இயற்கை என்று பார்த்தால் மற்ற இரண்டும் கேப் டவுனுக்குப் பக்கத்தில் வரமுடியாது என்பது என் கட்சி. இங்கே மரக்காடு குறைவு, பெரும்பாலும் ஃபைன்போஸ் என்ற புதர்க்காடுதான். முதல் பார்வைக்குக் காய்ந்த புல்வெளி போலத்தான் தெரியும். குனிந்து பார்த்தால் அடிக்கு ஒரு வகைப் பூ. உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் ஏராளம் இருப்பதால்தான் கேப் மலர்ப் பிரதேசத்தை யுனெஸ்கோ 2004-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மலையேற முடியாதவர்கள் அதே மலையின் கிழக்குச் சரிவில் 1913-ல் தொடங்கிய கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் அரை நாள் கழிக்கலாம். அப்புறம் போல்டர்ஸ் கடற்கரை. 1980-களில் தாமாக வந்து குடியேறிய ஆப்பிரிக்கப் பெங்குயின்கள் இங்கே மரப்பலகைப் பாதைக்கு ஓரமாகவே முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். 2024-ல் இந்த இனத்தை அழிவின் விளிம்பில் இருப்பதாக வகைப்படுத்திவிட்டார்கள். தள்ளிப்போட வேண்டிய இடமில்லை.

தெற்கே நன்னம்பிக்கை முனை வரை போய்வரலாம். அது ஆப்பிரிக்காவின் தென்கோடி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். உண்மையான தென்கோடி அங்கிருந்து இன்னும் தென்கிழக்கே இருக்கும் அகுல்ஹாஸ் முனை. இந்தப் பயணத்துக்குக் கார் வேண்டும். கடலும் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. கேம்ப்ஸ் பேயின் வெள்ளை மணலைப் பார்த்து மயங்கித் தண்ணீருக்குள் ஓடினால், கோடை வெயிலிலும் கால் மரத்துப்போகும். பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டத்தின் வேலை அது. குளிக்க வேண்டுமென்றால் மறுபக்கம் ஃபால்ஸ் பேயில் இருக்கும் மியூசன்பெர்க் பரவாயில்லை.

ரியோ வேறு ரகம். கேப் டவுனில் ஊருக்குப் பின்னால் மலை என்றால், ரியோவில் மலைகளுக்கு நடுவே கிடைத்த சந்துபொந்துகளில்தான் ஊரே இருக்கிறது. ஒரு பேட்டையிலிருந்து அடுத்த பேட்டைக்குப் போக மலையைக் குடைந்த சுரங்கப்பாதை.

710 மீட்டர் கோர்கோவாடோ உச்சியில் 1931-ல் எழுப்பிய கிறிஸ்து சிலை நிற்கிறது. சிலை 30 மீட்டர், பீடம் 8 மீட்டர். சிலை வருவதற்கு முன்பே, 1884-ல், மலைமேல் ரயில் வந்துவிட்டது. இன்றும் காட்டுக்குள் புகுந்து ஏறுகிறது. மேலே உள்ள மேடை சின்னது, கூட்டம் பெரிது. சிலை முழுதாகப் படத்தில் விழ வேண்டும் என்று கணவர் தரையில் மல்லாக்கப் படுத்திருப்பார், மனைவி இரண்டு கையையும் விரித்து நிற்பார். அவர்களைத் தாண்டித்தான் நீங்கள் கடலைப் பார்க்க வேண்டும். மேகம் வந்தால் அதுவும் போச்சு. டிக்கெட் எடுக்கும் முன் கீழிருந்து சிலை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உச்சிக்குத்தான் நேரம் என்றால் நான் கோர்கோவாடோவை விட்டுவிட்டு சுகர்லோஃப் மலையைச் சொல்வேன். 396 மீட்டர்தான். 1912-ல் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. இரண்டு கட்டமாக ஏற வேண்டும். சாயங்காலம் நாலு மணி வாக்கில் போனால் வெளிச்சத்தில் விரிகுடா, அப்புறம் மலைகளுக்குப் பின்னால் இறங்கும் சூரியன், பிறகு ஒவ்வொரு கடற்கரையாக ஏறும் விளக்குகள் எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். முதல் கட்டமான ஊர்கா குன்றுக்குக் காட்டு வழியில் காசில்லாமல் நடந்தும் ஏறலாம். உள்ளங்கை அளவு குரங்குகள் கிளையில் தொற்றிக்கொண்டு உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். எதுவும் கொடுக்காதீர்கள்.

ரியோவின் காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்குள்ளேயே இருக்கும் தீஜூகா காடு ஆதிகாலத்துக் காடு போலத் தெரியும். ஆனால் இதில் பெரும்பகுதி மனிதர் நட்டது. காப்பித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை மொட்டையடித்ததில் ஊற்றுகள் வற்றி ஊருக்குக் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தது. 1861-ல் பேரரசர் இரண்டாம் பெட்ரோ மறுபடி காடு வளர்க்க உத்தரவிட்டார். அடிமைகளாக வைத்திருந்தவர்களின் உழைப்பில்தான் முதல் கன்றுகள் ஊன்றப்பட்டன. இது தெரிந்துகொண்டு அந்த நிழலில் நடப்பது வேறு அனுபவம்.

கார் வேண்டாம் என்பது ரியோவின் பெரிய வசதி; கோபகபானா, இபனேமா கடற்கரைகளுக்கு மெட்ரோ போகிறது. பாதுகாப்பு விஷயத்தில் பூசி மெழுக விரும்பவில்லை. தெருவில் போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், கடற்கரைக்கு நகை, கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம், இருட்டிய பிறகு செயலியில் டாக்ஸி. மலைப்பாதைக்குக் கிளம்பும் முன் தங்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். இதெல்லாம் தலைவலி என்று தோன்றுகிறதா? சரி, வான்கூவருக்கு வாருங்கள்.

வான்கூவரில் சொல்லச் சிக்கல் குறைவு, அதனால் கதையும் குறைவு. நகர மையத்தில் சீபஸ் படகில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் அக்கரை. அங்கிருந்து 236-ஆம் எண் பேருந்து க்ரௌஸ் மலையடிவாரத்தில் விடும். முழங்காலில் நம்பிக்கை இருப்பவர்கள் க்ரௌஸ் கிரைண்ட் பாதையில் ஏறலாம்: இரண்டரை கிலோமீட்டரில் 800 மீட்டர் உயரம், முழுக்கப் படிகள், ஏற மட்டுமே அனுமதி. இறங்கக் கேபிள் காருக்குக் காசு கொடுக்க வேண்டும். வயதானவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் 1888-ல் திறந்த ஸ்டான்லி பூங்காவே போதும்; 400 ஹெக்டேர் காட்டைச் சுற்றிக் கடலோரமாகவே நடக்கலாம், சைக்கிள் விடலாம். கபிலானோ தொங்குபாலத்துக்கு நல்ல காசு வாங்குவார்கள். லின் கேன்யனில் சின்னதாக ஒரு தொங்குபாலம் இலவசம். எனக்கு அதுவே போதும். குறை என்றால், மலை அக்கரையில் தள்ளி நிற்கிறது. ரியோவில் போலத் தோளில் இடிக்காது.

தேதி உங்கள் கையில் இருந்தால் கேப் டவுனுக்கு மார்ச், ஏப்ரல். காற்று தணிந்து, வெயில் இன்னும் போகாத மாதங்கள். ரியோவுக்கு மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. வான்கூவருக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர். சில வருடங்களில் காட்டுத்தீப் புகை வந்து மலையை மறைத்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். நவம்பர், டிசம்பரில்தான் விடுப்பு என்றால் மூன்றுமே சுமார்தான்: ஒன்றில் காற்றும் கூட்டமும், ஒன்றில் புழுக்கமும் இடிமழையும், ஒன்றில் ஓயாத தூறல். அந்த மாதங்களில் நான் ஹாங்காங்கைப் பார்க்கச் சொல்வேன். கட்டடங்களுக்குப் பேர்போன ஊர் என்றாலும் நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள். ஷாவ் கெய் வான் மெட்ரோ நிலையத்தில் இறங்கி 9-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் டிராகன்ஸ் பேக் முகட்டுப்பாதை; இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்து கீழே பிக் வேவ் பே கடற்கரையில் இறங்கலாம்.