பழைய கார் வாங்கியவர்களுக்கு: ‘கூலன்ட் மாத்தியாச்சு’ என்றால் நம்பிவிடாதீர்கள்

மதுரைப் பக்கம் பழைய கார் வாங்கியிருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம்தான் கூலன்ட். அந்த விஷயத்தில் என்னிடம் இரண்டு இடத்தில் கைவரிசையைக் காட்டினார்கள். ஒன்று காரை விற்ற யார்டு, இன்னொன்று அதற்கப்புறம் சர்வீஸ் செய்த ஒர்க்‌ஷாப். புகார் போயிருப்பதால் பெயர் போடவில்லை. போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வேலையைச் செய்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

வண்டி 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். யார்டில் பானட்டைத் தூக்கி ரிசர்வ் டேங்கைக் காட்டினார்கள். “பாருங்கண்ணே, பச்சைப்பசேல்னு இருக்கு. போன மாசந்தான் மாத்துனது.” வாங்கிய கையோடு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜெனரல் சர்வீஸ் விட்டேன். அங்கே வேறு கதை: “பச்சை பழைய டைப்புண்ணே. சிவப்புதான் லாங் லைஃப். போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்குத் தொடவே வேணாம்.” ஃப்ளஷ், 4 லிட்டர் கூலன்ட், லேபர் என்று பில்லில் 2,600 ரூபாய். டேங்கில் சிவப்புத் தண்ணீர் தெரிந்தது.

சில மாதம் கழித்து குடும்பத்தோடு தேனிக்குப் போகும்போது, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் வண்டி கொதித்துவிட்டது. அதுவரை கீழேயே கிடந்த டெம்பரேச்சர் முள் ஏசி போட்ட ஏற்றத்தில் சட்டென்று மேலே போனது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். உதவிக்கு வந்தவர் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார், தடுத்துவிட்டேன். சூட்டோடு அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இன்ஜின் ஆறாமல் கை வைக்க விடாதீர்கள்.

வண்டியை லாரியில் ஏற்றி செல்லூரில் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுவந்தேன். அவர் கீழ் ஹோஸைக் கழற்றியதும் கொட்டியது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பழுப்பு நிறச் சேறு. ரிசர்வ் டேங்கின் உள்பக்கம் மஞ்சள் கறை. “தம்பி, இது மஞ்சப்பொடி. ஒழுகுற ரேடியேட்டரை அடைக்கப் போட்டிருக்காய்ங்க” என்றார். நடுவழியில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் அடுத்த ஊர் வரை சமாளிக்கச் செய்கிற பழைய வைத்தியம் அது. அதைச் செய்துவிட்டு, மேலே பச்சைச் சாயத் தண்ணீரை ஊற்றி, எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அதோடு போகவில்லை. இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருந்தார்கள். ஃபேனை நேரடியாக வயரிங் செய்து, சாவியைத் திருப்பியதுமே சுற்றும்படி வைத்திருந்தார்கள். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டிருந்தார்கள். மதுரையில் ஹீட்டர் போட்டுப் பார்த்து கார் வாங்குகிற ஆள் யார்? இத்தனையும் சேர்ந்தால் அடைத்துப்போன ரேடியேட்டர்கூட டெஸ்ட் டிரைவில் காட்டிக்கொடுக்காது. முள் கீழேயே கிடந்ததற்கும் இதுதான் காரணம். தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல்தான் திறக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு’ என்று கழற்றுகிற மெக்கானிக்குகள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இப்போது சிவப்பு கூலன்ட் கதை. செல்லூர்க்காரர் கூலன்ட் கலவையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழலில் ஒரு சொட்டு விட்டு என்னையே பார்க்கச் சொன்னார். கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் உறைநிலை மைனஸ் 37 பக்கம் காட்டும். என் வண்டியில் காட்டியது மைனஸ் 5. அதாவது கிளைக்கால் பத்துப் பதினைந்து சதவீதம்தான். கலந்து வருகிற ரெடிமேட் கூலன்ட் ஒரு பாட்டிலை மூன்று பங்கு தண்ணீரில் விட்டால் இந்தக் கணக்குதான் வரும். நான்கு லிட்டருக்குக் காசு வாங்கி ஒரு லிட்டர் ஊற்றியிருக்கிறார்கள். ஃப்ளஷ் என்பது ரேடியேட்டர் அடிக்குழாயைத் திறந்து வந்த வரைக்கும் வடித்தது மட்டும். இன்ஜின் பிளாக்குக்குள் இருந்த பழைய தண்ணீர் அப்படியே இருந்திருக்கிறது. மீதியை நிரப்பியது போர் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீர் காய்ச்சின பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு ரேடியேட்டருக்குள் என்ன படியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன பதில்: “கலர் பாத்தீங்கள்ல, சிவப்பாத்தானே இருந்துச்சு? அப்புறம் என்னண்ணே?” இந்த ஏமாற்று வேலை முழுவதும் நிற்பதே அந்த நம்பிக்கையில்தான். நிறம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த ரசாயனம் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் வேறு வேறாக இருக்கலாம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் துருத்தடுப்பு மருந்து. பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள். சுமார் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். லாங் லைஃப் வகையில் கரிம அமிலங்கள். ஐந்து வருடம் வரை தாங்கும். இரண்டும் கலந்த வகைகளும் உண்டு. ஜப்பான், கொரியா கார்க்காரர்கள் பெரும்பாலும் பாஸ்பேட் பக்கம், ஐரோப்பாக்காரர்கள் சிலிகேட் பக்கம். ஹூண்டாய் மேனுவல் அலுமினிய ரேடியேட்டருக்கான பாஸ்பேட் வகை எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் என்று கேட்கிறது. கலவையில் கூலன்ட் 35 சதவீதத்துக்குக் கீழேயோ 60-க்கு மேலேயோ போகக் கூடாது, உப்பு நீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டிக்கு உங்கள் மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

சேராத இரண்டு வகையைக் கலந்தால் உடனே கட்டிதட்டும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சில ஜோடிகளில் அப்படி ஆகும். பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, துருத்தடுப்பின் ஆயுள் மட்டும் குறைந்துபோகும். அதனால்தான் கலந்து ஊற்றுகிறவர்கள் மாட்டுவதே இல்லை. என் வண்டிச் சேற்றில் மஞ்சள் எவ்வளவு, போர் தண்ணீர் எவ்வளவு, கலப்பட கூலன்ட் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான் ரேடியேட்டரை அடைத்தது.

“இங்க என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை 107 பக்கம். மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் இரண்டுமே இன்னும் ஏறும். இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டும் வாட்டர் பம்பும் அரிக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். அதற்காகத் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு. சூட்டை இழுப்பதில் தண்ணீர்தான் கெட்டி.

இனி யார்டுக்குப் போனால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையே திறந்து கழுத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சேறு வந்தால் ரேடியேட்டர் செலவு உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்று சந்தேகம். அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. சாவி போட்டதும் ஏசி போடாமலே ஃபேன் சுற்றுகிறதா, ஹீட்டர் சூடு தருகிறதா, அரை மணி நேரம் ஓட்டியும் முள் எழும்பாமல் கிடக்கிறதா, இதெல்லாம் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட் மாற்றினால் பக்கத்தில் நில்லுங்கள். சீல் உடையாத கேனைக் கண் முன்னால் திறக்கட்டும். கேனில் ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே2234 போன்ற தர எண் இருக்கிறதா, ரெடிமேடா கான்சன்ட்ரேட்டா என்று படியுங்கள். ரெடிமேடில் ஒரு சொட்டு தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. பில்லில் பெயரும் லிட்டரும் எழுதி வாங்குங்கள். மேனுவலில் போட்டிருக்கும் கொள்ளளவுக்கு ரொம்பக் குறைவாக உள்ளே போனால் பழையது வெளியே வரவில்லை என்று அர்த்தம். வடித்ததைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய், மாடு குடித்தால் செத்துப்போகும்.

எனக்குப் புது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆனது. ஹெட் தப்பியது செல்லூர்க்காரர் பார்த்துச் சொன்ன ஒரே நல்ல சேதி. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் சரியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்; 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. யார்டு கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு, ஆகவே அந்தப் பக்கம் கஷ்டம்தான். ஒர்க்‌ஷாப் மட்டும் 4 லிட்டர் என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.