பிக்கப்புக்குக் கம்ப்ரசர்: தூக்கிப் போகும் பெட்டியா, வண்டியோடு பொருத்துவதா?

உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்குத் தேரி மணலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் முருங்கைத் தோட்டத்துக்குப் போகும் கடைசிப் பாதை முழுக்க அந்தச் செம்மணல்தான். டயரில் 35 பிஎஸ்ஐ காற்றோடு இறங்கினால் நான்கு சக்கரமும் இழுத்தாலும் வண்டி குழிதான் பறிக்கும். 18-க்கு இறக்கிவிட்டால் டயர் அகன்று கொடுத்து மேலேயே போய்விடும். இறக்குவது சுலபம். தார் ரோட்டுக்கு ஏறும்போது திரும்ப அடிக்க வேண்டுமே, அங்கே பெட்ரோல் பங்க்கும் இல்லை, பஞ்சர் கடையும் இல்லை. போதாததற்கு உடைமுள் வேறு. அதனால்தான் என் இசுசு வி-கிராஸ் பிக்கப்புக்கு டயரில் காற்று அடிக்கும் கம்ப்ரசர் தேட ஆரம்பித்தேன்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னப் பெட்டிகளை முதலிலேயே கழித்துவிடலாம். அந்தத் துளை பொதுவாக 10 ஆம்பியர் சொச்சம்தான் தாங்கும். அதற்குள் அடங்கும் மோட்டார், காரின் ஸ்டெப்னிக்குப் போதும். எஞ்சின் பெல்ட்டில் பழைய ஏசி கம்ப்ரசரை மாட்டிக் காற்று அடிப்பது வெளிநாட்டு ஜீப்காரர்களின் பழைய வித்தை. காற்று கொட்டும், ஆனால் இன்றைய டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேகமானதுதான். ஆனால் அந்த வாயு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாக நிற்காது, சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். சித்திரை வெயிலில் பிக்கப்பின் பின்தட்டில் அதை வைத்துக்கொண்டு சுற்ற எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் மூன்று: பேட்டரியில் கிளிப் மாட்டி ஓட்டும், வையேர் நிறுவனத்தின் 400பி மாதிரியான பெட்டி, வண்டியிலேயே பொருத்தும் ஏஆர்பி நிறுவனத்தின் ஒற்றை மோட்டார் கம்ப்ரசர், அதே நிறுவனத்தின் இரட்டை மோட்டார் கம்ப்ரசர். இனி சுருக்கமாக ஒற்றை, இரட்டை என்கிறேன்.

வேகத்தைப் பார்ப்போம். 245/70 ஆர்16 டயருக்குள் ஏறத்தாழ 55 லிட்டர் இடம். 18-லிருந்து 35-க்கு ஏற்ற, வெளிக்காற்று 65 லிட்டர் போல உள்ளே போக வேண்டும். டயர் அழுத்தத்தில் ஒற்றை நிமிடத்துக்கு 50 லிட்டர் சொச்சம் தரும், இரட்டை 130 லிட்டர். காகிதத்தில் ஒற்றைக்கு டயர் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்குள், இரட்டைக்கு அரை நிமிடம். ஹோஸை மாற்றி மாட்டி, குனிந்து நிமிர்ந்து, அளவு பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் இந்த வித்தியாசம் பாதியாகக் கரைந்துவிடும். 400பி-யும் ஒற்றைக்கு இளைத்ததில்லை. ஆக, ஒரே வண்டிக்கு வேகம் முடிவு சொல்லவில்லை.

முடிவு சொன்னது சூடு. இந்த வகைக் கம்ப்ரசர்களில் எண்ணெய் கிடையாது, பிஸ்டன் சீல் உலர்வாகவே உரசுகிறது. அதனால் எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஓய்வு தரவேண்டும் என்று ஒரு விகிதம் கொடுப்பார்கள். மொத்த நேரத்தில் ஓடக்கூடிய பங்கு அது: 400பி-க்கு 33 விழுக்காடு, ஏஆர்பி ஒற்றைக்கு 50, இரட்டைக்கு 100. வையேர் தரும் கணக்கு 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் 22 டிகிரி வெப்பத்துக்கும் உரியது. நாம் 35 பிஎஸ்ஐ-தான் அடிக்கிறோம், அது நமக்குச் சாதகம். ஆனால் 22 டிகிரியை மே மாதத் திருநெல்வேலிச் சீமையில் எங்கே போய்த் தேட?

பானட்டுக்கு அடியில் பொருத்தச் சொல்லித்தான் எல்லோரும் படம் காட்டுகிறார்கள். பேட்டரி பக்கத்திலேயே இருப்பதால் வயர் மிச்சம், உண்மை. ஆனால் மணலில் முதல் கியரில் முக்கிவிட்டு நிறுத்தும்போது எஞ்சின் அறை அடுப்பாகத்தான் இருக்கும். கம்ப்ரசர் வேலையைத் தொடங்கும் முன்பே பாதிச் சூட்டில் நிற்கும். இழுக்கும் காற்றும் சூடானது. இந்த ஒரு விஷயத்தில் தூக்கிப் போகும் பெட்டி ஜெயிக்கிறது, அதை நிழலில் வைத்து ஓட்டலாம். ஆனால் தரையில் வைத்தால் தேரிப் பொடியையும் சேர்த்து இழுக்கும்.

நான் ஒற்றையை வாங்கிப் பின் இருக்கைக்கு அடியில் பொருத்தினேன். தூசி குறைவு, மழை படாது, எஞ்சின் சூடும் இல்லை. கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறேன். சத்தம் உண்டு, காற்று அடிக்கும்போது யாரும் உள்ளே உட்கார்ந்திருப்பதில்லை, பரவாயில்லை. இதற்கு விலை வயரில் கொடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நாலு மீட்டர் போக, நாலு மீட்டர் வர. 20 ஆம்பியர் ஓடும்போது 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும், மோட்டார் திணறும். 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டோடு நிற்கும். எலக்ட்ரீஷியன் "இதுக்குப் போய் இவ்வளவு தடியா சார்?" என்று கேட்டார். தடியாகத்தான் வேண்டும் என்று நின்றேன். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும், வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் காப்பது அதுதான். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும் என்பதால் முதல் துண்டு ஹோஸ் கம்பி பின்னிய வகையாக இருக்க வேண்டும், அப்புறம் நைலான் குழாய் போதும். காற்று அடிக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இரட்டையை ஏன் விட்டேன்? அது 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இதே தூரத்துக்கு வயர் இன்னும் தடிக்கும், விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாலைந்து வண்டி சேர்ந்து போகிற கூட்டத்தில் எல்லோருக்கும் நீங்கள்தான் காற்று அடிக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும், அங்கே ஓய்வில்லாமல் ஓடுவது இரட்டைதான். ஏர் லாக்கர், அதாவது காற்றழுத்தத்தால் இரு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்து சுற்றவைக்கும் பூட்டு, வைத்த வண்டிக்கு எது சரி என்று நான் பேசக் கூடாது, என் வண்டியில் லாக்கர் இல்லை. சீல் எத்தனை வருஷம் தாங்கும் என்பதும் இனிமேல்தான் தெரியும். சீல், ஃபில்டர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கின்றன, கழற்றி மாட்டவும் முடிகிறது என்பதால் அந்தக் கவலை குறைவு. ஃபில்டரை மட்டும் அடிக்கடி கழற்றித் தட்டுகிறேன், இருக்கைக்கு அடியிலும் கொஞ்சம் செம்பொடி வந்து சேரத்தான் செய்கிறது.

வருஷத்தில் ஓரிரு முறைதான் மணலில் இறங்குவீர்கள், அல்லது வீட்டில் இரண்டு வண்டி இருக்கிறது என்றால் பொருத்துகிற வேலையே வேண்டாம். 400பி மாதிரி ஒன்றை வாங்கி, கீழே விரிக்க ஒரு சாக்கையும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.