முழங்கால் தழும்பும் மூன்று வாரச் சேலமும்

ஏற்காட்டில் மாமா வீட்டுக் காப்பிக் களத்தில் 10 வயதில் விழுந்து வாங்கிய முழங்கால் தழும்பு, 35 ஆண்டுகள் சும்மா கிடந்துவிட்டு, சென்ற குளிர்காலத்தில் நான் லண்டனில் இருந்தபோது செந்நீல நிறத்தில் தடித்து எழும்பியது. வலியோ அரிப்போ இல்லாததால், மூன்று வார விடுமுறையில் சேலம் வந்த பிறகுதான் அதை மருத்துவரிடம் காட்டினேன்.

முதலில் பார்த்தவர், தொட்டுக்கூடப் பார்க்காமல், தோல் காசநோய் என்று சொல்லி ஆறு மாத மாத்திரைகளை அன்றே தொடங்கச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அஸ்தம்பட்டிப் பக்கம் அக்கா அழைத்துச் சென்ற தோல் மருத்துவர், கண்ணாடித் தகடு ஒன்றைத் தழும்பின் மேல் வைத்து அழுத்தினார். சிவப்பு மறைந்து, வெல்லப்பாகு நிறத்தில் சிறு புள்ளிகள் தெரிந்தன. "இந்த நிறம் காசநோயிலும் வரும், சார்கோய்டோசிஸிலும் வரும். சதை எடுத்துப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன் சார்" என்றார். சார்கோய்டோசிஸ் என்பது, நோயெதிர்ப்பு அணுக்கள் உடலின் பல உறுப்புகளில் சிறு முடிச்சுகளாகத் திரளும் நோய்.

மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலைத் துளைத்து எடுத்தார்கள். அறிக்கையில் கிரானுலோமாக்கள், அதாவது அப்படிப்பட்ட அணு முடிச்சுகள், இருந்தன. ஆனால் காசநோயில் வழக்கமாகக் காணும், பாலாடைக்கட்டி போன்ற சிதைவு அவற்றின் நடுவில் இல்லை. காசநோய், தொழுநோய்க் கிருமிகளைத் தேடும் சாயச் சோதனைகளிலும் எதுவும் சிக்கவில்லை. இவ்விரு நோய்களும் இன்னும் ஒழியாத நம் ஊரில், அவற்றை விலக்கிய பிறகே சார்கோய்டோசிஸ் என்ற பெயரைச் சொல்ல முடியும். அவசரப்பட்டு சார்கோய்டோசிஸுக்கான ஸ்டீராய்டு கொடுத்தால், உள்ளே காசநோய் இருக்கும் பட்சத்தில் அது முற்றிவிடும். அந்த அறிக்கைக்காகக் காத்திருந்த நாட்களை நான் வீண் என்று நினைக்கவில்லை.

தோலோடு நிற்கும் நோயல்ல என்பதால் சி.டி. ஸ்கேன், இ.சி.ஜி., கண் பரிசோதனை, இரத்தத்தில் கால்சியம் அளவு எல்லாம் பார்த்தார்கள். நுரையீரல் வாயிலில் இருபுறமும் நெறி கட்டியிருந்தது, மற்றவை சரி. தழும்புக்குள் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்டார்கள். பரவினால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அல்லது வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை என்றார் மருத்துவர். லண்டன் வெயிலை நம்பாமல் நான் விழுங்கிவந்த வைட்டமின் டி மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் எனக்குப் புதிது: இந்தக் கிரானுலோமாக்கள் தாமாகவே அந்த வைட்டமினின் வீரியமான வடிவத்தை உண்டாக்கிக் கால்சியத்தை ஏற்றிவிடுமாம்.

லண்டன் மருத்துவர்களிடம் காட்ட, எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியைக் கேட்டேன்; அதைக் கையில் தர ஆய்வகம் தயங்கியது. எழுதிக் கொடுத்து, இரண்டு முறை அலைந்து, புறப்படும் நாள் காலையில்தான் அதை வாங்கினேன்.