கடலடி வரைந்த பூகோள உருண்டை: வாங்கலாமா?

பள்ளிகளில் வைத்திருக்கும் உருண்டைகளில் கடல் என்றால் நீல வண்ணம் மட்டுந்தான். அண்மையில் நான் வாங்கிய 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையிலோ கடலடியின் மேடுபள்ளங்கள் நிழலிட்டு வரையப்பட்டுள்ளன. புவியின் மேற்பரப்பாக அமைந்து மெல்ல நகரும் பெரும் பாறைத் தகடுகளான புவித்தட்டுகளின் எல்லைகள் சிவப்புக் கோடுகளாகவும் எரிமலைகள் சிறு முக்கோணங்களாகவும் அச்சாகியுள்ளன. விலை மூவாயிரம் ரூபாயை ஒட்டியது. அந்த விலைக்குக் கடலடி ஓவியம் ஒன்றே போதும் என்பது என் கணிப்பு.

ஹவாய்த் தீவுகளில் தொடங்கி வடமேற்கே பார்த்துக்கொண்டே போனால், மிட்வே தீவைத் தாண்டியும் அந்த வரிசை நீருக்கடியில் மலைகளாக நீள்வதும், பிறகு சட்டென வடக்கே திரும்பி ரஷ்யாவின் கம்சாட்கா அருகேயுள்ள அகழி (கடலடியின் நீண்ட ஆழ்பள்ளம்) வரை செல்வதும் தெளிவாகத் தெரிகின்றன. புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழுந்து எரிமலைகளை உருவாக்கும் இடமான வெப்பப் புள்ளியின் மேலாகப் பசிபிக் தட்டு நகர்ந்ததால் வரிசையாக உருவான எரிமலைகள் இவை. அந்தத் திருப்பத்தின் வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். உடன் வரும் கையேடு, வெப்பப் புள்ளி அசையாமல் நிற்பது என்றும் தட்டு திசைமாறியதே திருப்பத்துக்குக் காரணம் என்றும் முடித்துவிடுகிறது. அந்த மலைகளின் பாறைகளில் பதிந்து, அவை உருவான அட்சரேகையைச் சொல்லும் பண்டைய காந்தத் தடயங்களோ, வெப்பப் புள்ளியும் ஒரு காலத்தில் தெற்கு நோக்கி நகர்ந்திருப்பதைக் காட்டுகின்றன. கையேட்டைத் திருத்தியே ஆக வேண்டும்.

நம் பக்கத்துக் கடலில் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வரிசை அழகாக வந்திருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய வெப்பப் புள்ளி, இன்று ரீயூனியன் தீவுக்கடியில் இருப்பதாகக் கருதப்படுகிறது; இந்த வரிசையாக நீளும் அதன் தடத்தை இடையில் சிவப்புக் கோடு வெட்டுவதையும் இங்கே காணலாம். ஆனால், கிழக்கே 90 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்லும் நெடிய முகட்டின் மேலேயே பெருங்கடலின் பெயரை அச்சிட்டு, அதில் பாதியை மறைத்துவிட்டார்கள்.

கண்ட விளிம்புகளுக்குத் தென் அமெரிக்காவைப் பாருங்கள். மேற்கே நாஸ்கா தட்டு கண்டத்தின் அடியில் புகுவதால், கரையை ஒட்டியே அகழி ஆழ்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த பகுதியான கண்டத் திட்டு இழைபோல் ஒடுங்கியிருக்கிறது. கிழக்கே அர்ஜென்டினாவின் திட்டு வெளிர்நீலத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, அதாவது 400 கி.மீ.க்கு மேல் பரந்து கிடக்கிறது. அங்கே தட்டு எல்லையே இல்லை. அது அட்லாண்டிக்கின் நடுவில் இருக்கிறது. இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

நிலத்தில் மலைகளைப் புடைப்பாகச் செய்திருப்பது வீண் வேலை. இந்த அளவில் எவரெஸ்ட் 0.2 மி.மீ. உயரந்தான் இருக்க வேண்டும். இங்கே இமயமலை விரலில் இடறுகிறது, கடலடியோ வழுவழுப்பாக இருக்கிறது. புடைப்பில்லாத பதிப்பு அதே கடையில் ஐந்நூறு ரூபாய் குறைவு; அதையே வாங்குங்கள்.